ஹிண்டமித்தின் இரண்டு மரியாள்கள்

உயர்தரம் படிக்கிற காலத்தில் நான் எழுதின கவிதைக் கொப்பி ஒன்று இன்னும் வீட்டு அலுமாரிக்குள்ள கிடக்கு. போன லீவுக்குப் போனபோது எடுத்து வாசித்துப் பார்த்தன். சரியான வெட்கமாப் போச்சு. பேனையை எடுத்துத் திருத்தத் தொடங்கினன். மூன்று கவிதை முடிந்து நாலாவதுக்குப் போகேக்க கை நின்றுவிட்டது. திருத்தின மூன்றும் முந்தினதை விட ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் அவை பதினேழு வயதுப் பிள்ளை எழுதின கவிதைகளாக இல்லை. பதினேழு வயதில் இப்படி எழுதியிருக்க வேணும் எண்டு இருபத்திமூன்று வயதில் நான் ஆசைப்படுகிற கவிதைகளாக இருந்தன.

இதே வேலையை ஒருவர் மிகப் பெரிய அளவில் செய்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிய வந்தது. பவுல் ஹிண்டமித் என்ற ஜேர்மன் இசையமைப்பாளர், 1922, 1923ஆம் ஆண்டுகளில், தன் இருபதுகளின் பிற்பகுதியில், 'மரியாளின் வாழ்வு' என்றொரு பாடல் தொடரை எழுதினார். ஜேர்மன் மொழியில் 'டாஸ் மரியென்லேபென்'. சொப்ரானோ எனப்படும் உயர்ந்த பெண்குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதப்பட்ட 15 பாடல்கள். முழுவதும் பாட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். கால் நூற்றாண்டு கழித்து, 1948இல், அதே கவிதைகளுக்கான புதிய வடிவத்தை வெளியிட்டார். கூடவே நீண்ட முன்னுரையும் எழுதினார். முதல் வடிவத்தில் என்னென்ன பிழை, ஏன் இனி இரண்டாவதைத்தான் பாட வேண்டும் என்பதற்கான விளக்கம் அது.

எனக்குப் பியானோவும் தெரியாது, ஜேர்மனும் தெரியாது. கவிதைகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்து, இரண்டு வடிவங்களின் ஒலிப்பதிவுகளையும் ஹொஸ்டலில் ஹெட்செட் போட்டு மாறி மாறிக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இசை படிக்கிறவர்கள் பிழை கண்டால் சொல்லுங்கோ. என்னைப் பிடித்துக்கொண்டது இதிலுள்ள வரலாற்றுக் கேள்விதான். ஒரு மனிதர் தன் இளமையைப் பற்றித் தானே பிற்காலத்தில் சொல்லும் சாட்சியத்தை நாங்கள் எவ்வளவு தூரம் நம்பலாம்?

கவிதைகள் எங்கிருந்து வந்தன?

ஜேர்மன் மொழியில் 'லீட்' என்றொரு இசை வடிவம் இருக்கிறது. ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ. சினிமாப் பாட்டு மாதிரி மெட்டுக்கு வரி எழுதுவதில்லை. அச்சில் இருக்கும் கவிதையை எடுத்து அதற்கு இசை அமைப்பார்கள். பியானோ பாடகருக்குப் பின்பாட்டு மட்டும் அல்ல, பாதிக் கதையை அதுதான் சொல்லும். 19ஆம் நூற்றாண்டில் ஷூபேர்ட்டும் ஷூமானும் இதைப் பெரிய கலையாக்கினார்கள். ஒரே கவிஞரின் பல கவிதைகளைத் தொடராகக் கோத்தால் அது பாடல் தொடர்.

ஹிண்டமித் எடுத்த கவிதைகள் ரைனர் மரியா ரில்கே எழுதியவை. 1912 ஜனவரியில் ரில்கே ட்ரியெஸ்தே நகருக்குக் கிட்ட, கடலோரத்தில் இருக்கிற டுயினோ மாளிகையில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். அவருடைய பழைய நண்பர், ஓவியர் ஹைன்ரிக் ஃபோகலர், மரியாள் பற்றிய ரில்கேயின் பழைய கவிதைகளைத் தன் ஓவியங்களோடு புத்தகமாகப் போட விரும்பினார். பழையதுகள் அச்சேறுவதில் ரில்கேக்கு இஷ்டமில்லை. சில நாட்களுக்குள் புதிதாகவே ஒரு தொகுதியை எழுதி முடித்தார். 1913இல் அது புத்தகமானது; ஃபோகலருக்கே சமர்ப்பணம் செய்தார். பிற்காலத்தில் அவருக்குப் பெரும் புகழ் தந்த டுயினோ இரங்கற்பாக்களில் முதலாவதும் அதே மாதம், அதே மாளிகையில்தான் பிறந்தது.

ரில்கே அந்த நேரம் திருச்சபை விசுவாசத்தை விட்டு வெகுதூரம் போயிருந்தார். ஆகவே இந்தக் கவிதைகள் செபப்புத்தகத்தில் வரும் மாதா கவிதைகள் மாதிரி இல்லை. மரியாளின் பிறப்பில் தொடங்கி மரணம் வரைக்கும் போகின்றன. மரணத்துக்கு மட்டும் மூன்று கவிதைகள். இடையில் வரும் ஆட்கள் எல்லாம் சாதாரண மனுசர். சூசையப்பரின் சந்தேகம் பற்றிய கவிதையில் சம்மனசு வந்து கதைப்பது, முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்கும் ஒரு தச்சனோடு. கானாவூர்க் கலியாணத்தில் மகனைப் பற்றிய பெருமையில் தாய் ஒரு அற்புதத்தைக் கேட்டுவிடுகிறாள். தண்ணீர் இரசமாகிறது. மகனைச் சிலுவைக்குப் போகிற பாதையில் தள்ளிவிட்டது தன் வாய்தான் என்று அவளுக்குப் பிறகுதான் உறைக்கிறது.

கவனித்துப் பார்த்தால் 15 கவிதைகளில் முழுக்க மரியாளின் குரலிலேயே அமைந்தவை இரண்டே இரண்டு. பாடுகளுக்கு முன் மகனைப் பார்த்துப் பேசுவது ஒன்று. இறந்த மகனை மடியில் கிடத்தி வைத்துக்கொண்டு பேசும் 'பியெத்தா' மற்றது. மற்ற இடங்களில் எல்லாம் பெரும்பாலும் மற்றவர்கள் அவளைப் பற்றியோ அவளோடோ கதைக்கிறார்கள். சாவு வந்த இடத்தில்தான் அவளுக்கு 'நான்' என்ற சொல் கிடைக்கிறது. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

1923: பெயர் கெட்ட ஒரு பொடியன்

ஹிண்டமித் 1895இல் ஹனாவ் என்ற ஊரில், வசதியில்லாத குடும்பமொன்றில் பிறந்தவர். இருபது வயதளவிலேயே பிராங்பேர்ட் ஒபேரா இசைக்குழுவின் முதல் வயலின்காரர். தகப்பன் 1915இல் போர்முனையில் செத்துப்போனார். 1917இல் இவரையும் படைக்கு எடுத்தார்கள். அங்கே பட்டாளத்து இசைக்குழுவில் பெரிய மேளம் அடித்தார். தளபதிக்காக நாலு பேர் கூடி வயலின், வியோலா, செலோ வாசித்தார்கள். 1918இல் ஒருநாள் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசியின் படைப்பொன்றை வாசித்துக்கொண்டிருக்கையில் டெபுசி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்ததாம். எதிரி நாட்டுக்காரனின் இசையை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இசை தேச எல்லைகளைத் தாண்டியது என்று அன்றைக்குத்தான் விளங்கியது என்று ஹிண்டமித் பிறகு நினைவுகூர்ந்தார்.

யுத்தம் முடிந்து வந்த ஹிண்டமித்துக்கு எதிலும் மரியாதை இருக்கவில்லை. 1921இல் டோனவெஷிங்கன் என்ற சிறு நகரில் தொடங்கிய புதிய இசை விழாவில் அவருடைய நால்வர் இசை பெரிதாகப் பேசப்பட்டது. 1922 மார்ச்சில் பிராங்பேர்ட்டில் அவருடைய 'சங்க்டா சுசானா' என்ற ஓரங்க ஒபேரா மேடையேறியது. ஒரு கன்னியாஸ்திரியின் உடல் வேட்கைதான் அதன் கதை. கத்தோலிக்கர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே வருடம் அமெரிக்க ராக்டைம் நடனத்தைப் பியானோவில் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கச் சொல்லும் ஒரு படைப்பையும் எழுதினார்.

அந்த வருடமே இவர் மரியாளின் வாழ்க்கையைத் தொட்டார் என்பதுதான் ஆச்சரியம்.

நாடு இருந்த நிலையையும் பார்க்க வேண்டும். 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பிரதேசத்துக்குள் படையை இறக்கின. மார்க் நாணயம் விழுந்துகொண்டே போனது. அந்த வருட நவம்பரில் ஒரு அமெரிக்க டொலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க். அதே மாதம்தான் மியூனிக் நகரில் ஹிட்லரின் முதல் கிளர்ச்சி நடந்து தோற்றது. இந்தக் குழப்பங்களுக்கு நடுவில், 1923 ஜூனில், பியாட்ரிஸ் லௌவர்-கொட்லார் என்ற பாடகியும் எம்மா லூபெக்கே-யோப் என்ற பியானோக் கலைஞரும் இந்தத் தொடரை முதன்முதலாக அரங்கேற்றினார்கள். ஹிண்டமித்தின் புதுப் படைப்புகளுக்குத் தொடர்ந்து தோள் கொடுத்தவர் எம்மா. புத்தகங்களில் இந்த இரண்டு பெண்களுக்கும் கிடைப்பது ஒரு வரிதான். ஆனால் அவர்கள் பாடி வாசித்துக் காட்டியதால்தான் பிறகு நடந்த எல்லாமே நடந்தது.

முதல் வடிவம் எப்படி ஒலிக்கும்? எனக்குக் கேட்டதைச் சொல்கிறேன். பியானோ தடித்த சுரக்கூட்டங்களை அடுக்காமல் இரண்டு மூன்று மெல்லிய கோடுகளாக ஓடுகிறது. குரல் இன்னொரு கோடு. ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல், சில இடங்களில் உரசிக்கொண்டே போகின்றன. பழைய பாக் காலத்து முறைகளை எடுத்து 1920களின் எலும்புக்கூட்டில் மாட்டின மாதிரி இருக்கிறது. சிறுமி மரியாளைக் கோயிலில் காணிக்கையாக்கும் இரண்டாவது பாடல் ஒரு பசகாலியா. அதாவது கீழே ஒரே சுரவரிசை திரும்பத் திரும்ப வர, மேலே மற்றதெல்லாம் மாறிக்கொண்டே போகும். பெரிய தூண்களுக்கு நடுவே ஒரு சின்னப் பிள்ளை நடந்து போவதைத்தான் நான் அதில் பார்த்தேன். பாடகிக்கு இரக்கமே காட்டாத இசை. மூச்சு எடுக்க இடமில்லை. குரல் எங்கே வசதியாக நிற்கும் என்று எழுதினவர் யோசித்த மாதிரியும் தெரியவில்லை.

இடையில் நடந்தவை

1927இல் ஹிண்டமித் பேர்லினில் பேராசிரியரானார். அதற்கு முன்பே அவருடைய இசை அடங்கி, ஒழுங்கை நோக்கித் திரும்பத் தொடங்கியிருந்தது. இதை நினைவில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தார்கள். ஹிண்டமித் யூதர் இல்லை. ஆனால் அவருடைய மனைவி கெர்ட்ரூட் நாசிச் சட்டப்படி பாதி யூதர். அவர் சேர்ந்து வாசித்த கோல்ட்பெர்க், ஃபொயர்மான் இருவரும் யூதர்கள். 1929இல் மேடையேறிய ஒபேரா ஒன்றில் குளியல் தொட்டிக்குள் ஒரு பெண் பாடும் காட்சி ஹிட்லருக்கு அருவருப்பாக இருந்தது. 1934 மார்ச்சில் 'மத்திஸ் என்னும் ஓவியன்' என்ற சிம்பொனியை ஃபுர்ட்வெங்லர் நடத்தினார், பெரு வெற்றி. நவம்பரில் ஹிண்டமித்துக்காக ஃபுர்ட்வெங்லர் பத்திரிகையில் கட்டுரை எழுத, விவகாரம் வெடித்தது. ஃபுர்ட்வெங்லர் பதவிகளைத் துறக்க வேண்டி வந்தது. டிசம்பரில் கோயபல்ஸ் பேர்லின் விளையாட்டு மாளிகை மேடையில் நின்று ஹிண்டமித்தைத் தாக்கிப் பேசினார்.

பிறகு நடந்ததைக் கூட்டிக் குறைக்காமல் சொல்ல வேண்டும். ஹிண்டமித் உடனே வெளியேறவில்லை. 1936இல் ஹிட்லருக்கான விசுவாச உறுதிமொழியை எடுத்தார். அது அவரைக் காப்பாற்றவில்லை. அதே வருடம் அவருடைய படைப்புகளை அரங்கேற்றத் தடை வந்தது. இந்தக் காலத்தில் துருக்கி அரசின் அழைப்பில் அங்கே போய்வந்து, அங்காராவில் இசைக் கல்லூரியைக் கட்டியெழுப்ப உதவினார். 1938இல் டுசெல்டோர்ஃபில் 'சீரழிந்த இசை' என்று நாசிகள் ஒரு கண்காட்சி வைத்தபோது அதில் இவரும் காட்சிப் பொருளாக்கப்பட்டார். அந்த வருடமே சுவிற்சர்லாந்துக்குப் போனார். 1940இல் அமெரிக்கா. யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1946இல் அமெரிக்கக் குடியுரிமை.

மரியாளின் வாழ்வைத் திருத்தும் வேலை 1930களின் நடுப்பகுதியில் தொடங்கி இந்த அலைச்சல் முழுவதிலும் கூடவே வந்தது. 1937இல் வெளியிட்ட இசையமைப்புக் கோட்பாட்டு நூலில், எந்தச் சுரம் எதற்கு நெருக்கம், எந்தக் கூட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்று இயற்கை விதி மாதிரி ஒரு ஒழுங்கை வகுத்திருந்தார். பழைய பாடல்களை அந்த ஒழுங்குக்குள் கொண்டுவர முயன்றார்.

1948இன் முன்னுரை

புதிய வடிவத்தில் அநேகமாக அப்படியே விடப்பட்டது ஒரே ஒரு பாடல்: உயிர்த்தெழுந்த யேசுவோடு மரியாள் ஆறுதல் பெறும் 12ஆவது. 'பியெத்தா' கொஞ்சமாக மாறியது. மற்றவை திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டன. சில புதிதாகவே எழுதப்பட்டன.

முன்னுரையில் அவர் சொல்வதன் சாரம் இதுதான். முதல் வடிவம் இளமைத் திறமையின் காட்சி. குரலின் இயல்பை மதிக்கவில்லை. 15 பாடல்களையும் பிணைக்கும் திட்டம் அதில் இல்லை. புதியதில் திட்டம் உண்டு. பாடல்கள் நான்கு தொகுதிகளாகப் பிரிகின்றன. ஒலியின் உச்சம் கானாவூர்க் கலியாணத்தில் வருகிறது. சுருதிகளுக்கும் அர்த்தம் கொடுக்கப்பட்டிருக்கிறது: 'ஈ' யேசுவுக்கு, 'பி' மரியாளுக்கு, 'ஏ' தெய்வீகத்துக்கு என்று இப்படியே நீளும். கேட்பவருக்கு இது தெரியாவிட்டாலும் உள்ளுக்குள் வேலை செய்யும் என்பது அவருடைய நம்பிக்கை.

நேர்மையாகச் சொன்னால், இரண்டாவது வடிவம் காதுக்கு இதம். பாடகி மூச்சு விடுகிறாள். சொற்கள் தெளிவாக விழுகின்றன. இதைத்தான் பாடுவோம் என்கிற பாடகிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தொண்டை அவர்களுடையது. மறுபக்கம், கனடியப் பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் 1970களில் ரொக்சொலானா ரொஸ்லக் என்ற பாடகியோடு முதல் வடிவத்தைப் பதிவு செய்து, அதுதான் மேலானது என்று ஒரு கட்டுரையே எழுதினார்.

ஆனால் அந்த முன்னுரையில் என்னை நிறுத்திய இடம் வேறு. 1923 அரங்கேற்றத்தில் சபையோரிடம் ஏற்பட்ட ஆழமான பாதிப்பைத் தான் எதிர்பார்க்கவே இல்லை என்று ஹிண்டமித் எழுதுகிறார். இசைக்கு ஒரு அறம் உண்டு, இசைக்காரனுக்கு ஒரு கடமை உண்டு என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக உணர்ந்தாராம். அந்தக் கடமைதான் திருத்த வைத்தது என்பது அவர் வாதம்.

கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்கோ. அன்றைக்குச் சபையை உலுக்கினது எந்த வடிவம்? திட்டமில்லாத, குரலை மதிக்காத, சுருதிக் குறியீடு ஒன்றும் இல்லாத, பிறகு அவரே தள்ளிவைத்த அந்த முதல் வடிவம். அவருக்கு அறத்தைக் கற்றுக்கொடுத்ததே அதுதான். தன்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போன வழி பிழை என்று கோயிலுக்குள் நின்று சொல்கிறார்.

யாரை நம்புவது?

இதற்கு ஒரு சுலபமான கதை இருக்கிறது. துணிச்சலான இளைஞனை நாசிகள் அடித்து அடக்கிவிட்டார்கள், பயந்துபோன கிழவர் தன் இளமையை வெட்டித் திருத்தினார் என்ற கதை. எனக்கும் முதலில் இதுதான் பிடித்திருந்தது. ஆனால் காலவரிசை இதற்கு இடம் தராது. ஒழுங்கை நோக்கிய திருப்பம் 1933க்கு முன்பே தொடங்கிவிட்டது. 1948 முன்னுரையை எழுதும்போது அவர் யேல் பேராசிரியர். யாருக்கும் பயப்படத் தேவையில்லை.

எதிர்ப்பக்கத்துச் சுலபக் கதை அவருடைய சொந்தக் கதை: இளமையில் தெரியாமல் செய்ததை முதிர்ச்சி வந்து சரிசெய்தேன். இதையும் அப்படியே விழுங்க முடியாது. 1948இன் ஹிண்டமித் 1923ஐப் பார்க்கும்போது இடையில் நடந்த எல்லாவற்றின் ஊடாகவும்தான் பார்க்கிறார். பணம் காகிதமானது, உறுதிமொழி, தடை, இரண்டு நாடு மாறியது. இவ்வளவும் சரிந்ததைப் பார்த்த ஒருவருக்கு ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிலையான இடம் வேண்டும் என்ற ஆசை வருவது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த ஆசை 1948க்கு உரியது. 1923இன் பொடியனுக்கு அது இருக்கவில்லை, இல்லாமலேயே அவன் அந்தப் பாடல்களை எழுதினான்.

வரலாறு படிக்கிறவர்களுக்கு மூல ஆதார விமர்சனம் என்று முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள். சம்பவத்துக்குப் பிறகு எழுதப்பட்ட நினைவுக்குறிப்பு எழுதப்பட்ட காலத்துக்கும் சாட்சி. யுத்தகால அனுபவங்களைப் பதிவு செய்யப் போனவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். இருபது வருடத்துக்கு முந்திய தன்னைப் பற்றி ஒரு அம்மா கதைக்கும்போது, அன்றைக்குத் தெரியாத விசயங்களையும் தெரிந்த மாதிரித்தான் சொல்வா. அது பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு எழுதின ஒரு கடிதம் கிடைத்தால், அந்த அம்மாவே "அதைக் கிழிச்சுப் போடுங்கோ, எனக்கு அப்ப ஒண்டும் தெரியாது" என்று சொன்னாலும், நாங்கள் கிழிக்கக் கூடாது.

ஹிண்டமித்தின் விசயத்தில் யாரும் கிழிக்கவில்லை என்பது நல்ல காலம். அவர் 1963இல் பிராங்பேர்ட்டில் இறந்தார். இன்றைக்கும் இரண்டு வடிவங்களும் பாடப்படுகின்றன. ஒன்றை மற்றதன் வரைவுப் பிரதி என்று நினைத்துக் கேட்காமல், ஒரே கவிதைகளுக்கு இரண்டு வேறு மனிதர்கள் அமைத்த இசையாகக் கேட்டுப் பாருங்கோ. முதலில் அநேகமாக மாறாத 12ஆவதைக் கேளுங்கோ. அந்த இரண்டு பேரும் உடன்பட்ட இடம் அது. பிறகு 'பியெத்தா'. பிறகு கானாவூர்க் கலியாணத்தை இரண்டு வடிவத்திலும் அடுத்தடுத்துக் கேளுங்கோ.

வாய்தவறிக் கேட்ட ஒரு வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாத தாயைப் பற்றிய பாட்டு அது. அதையும் அவர் திருத்தியிருக்கிறார்.

என்ர கொப்பியில் திருத்தின மூன்று கவிதைக்கும் கீழே இந்த வருடத் திகதியைப் போட்டுவிட்டன். வெட்டின வரிகள் நல்லவேளை இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கு. மற்றதுகளில் கை வைக்கேல்ல.